அட்டை பிடிச்சிடுச்சு!

ஆரணி பேருந்து நிலையத்தில் இறங்கி, தறிச்சித்தர் எங்கே இருக்கிறார் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. கையில் பட்டுநூல் கட்டும், முகத்தில் பக்தியுமாக ஒரு கும்பல் போய்க்கொண்டிருக்கும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும். அரிசி ஆலைகளைத் தாண்டி, ஒரு காலத்தில் பவர்லூம் ஓடிய தகரக் கொட்டகையின் வாசலில் கொண்டுபோய் விட்டுவிடும். முன்னால் போகிறவரிடம் எதற்குப் போகிறீர்கள் என்று கேட்காதீர்கள். அவருக்கு முன்னால் இன்னொருவர் போகிறார், அது போதாதா?

வாசலில் ஒரு பேனர். "உலகப் பல்கலைக்கழகங்கள் உங்கள் காலடியில்! ஜி.ஆர்.இ., கேட், கேட் அனைத்துக்கும் அருள்வாக்கு!" கேட் இரண்டு முறை வந்தது அச்சுப்பிழை அல்ல. முதல் கேட் மேல்படிப்புக்குப் போகும் இன்ஜினீயர்களுக்கு. இரண்டாவது கேட் எம்.பி.ஏ. போகிறவர்களுக்கு. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று சித்தருக்குத் தெரியாது. ஞானிகளுக்கு எல்லாக் கேட்டும் ஒன்றுதான்.

பிள்ளை வரம் தர ஒரு சாமி, பேய் ஓட்ட ஒரு சாமி என்று இருந்த காலம் மலையேறிவிட்டது. இப்போது நுழைவுத் தேர்வுக்கென்றே தனிச் சாமி வந்தாயிற்று. நாடு முன்னேறுகிறது என்று யாராவது சொன்னால் நம்புங்கள்.

கொட்டகைக்குள் ஒரு திரை. அதற்கு முன்னால் ஒரு பழைய கைத்தறி. அதற்கு மேலே ஜக்கார்டு பெட்டி. சேலையில் மயிலும் மாங்காயும் விழ வேண்டுமென்றால் ஓட்டை போட்ட அட்டைகளை வரிசையாகக் கோத்து அந்தப் பெட்டியில் தொங்கவிடுவார்கள். கீழே மிதிக்கட்டையை ஒரு மிதி மிதித்தால் ஓர் அட்டை திரும்பும். ஓட்டைக்குத் தக்கபடி நூல் எழும்பும். சித்தரின் தறியில் மயிலும் இல்லை, மாங்காயும் இல்லை. ஐந்தே அட்டைகள். ஏ, பி, சி, டி, இ என்று எழுதி, மஞ்சள் குங்குமம் வைத்து, வளையமாகக் கோத்திருந்தார்.

"கம்ப்யூட்டருக்குத் தாத்தா யாரு?" என்று கேட்பார் சித்தர். கூட்டம் வாயைப் பிளக்கும். "தோ, நம்ம ஜக்கார்டு பெட்டி! ஓட்டை கீதா, ஒண்ணு. ஓட்டை இல்லியா, சைபரு. இதான் கம்ப்யூட்டரு. உங்க புள்ளைங்க பரீட்சை எதுல எழுதறாங்க?"

"கம்ப்யூட்டர்ல, சாமி!"

"பேரன் தாத்தா பேச்சைத் தட்டுவானா?"

"தட்டமாட்டான், சாமி!"

எந்த வீட்டுப் பேரனைச் சொன்னார்களோ தெரியவில்லை. எங்கள் தெருவில் அப்படி ஒருவனும் இல்லை. ஆனால் பேச்சின் முதல் பாதி உண்மை. ஆரம்பகாலக் கம்ப்யூட்டர்களுக்கு ஓட்டை போட்ட அட்டையால்தான் வேலை சொன்னார்கள். பொய் நன்றாக விலை போக வேண்டுமென்றால் முன்னால் ஒரு முழம் உண்மையைச் சேர்த்து நெய்ய வேண்டும்.

சித்தரின் இயற்பெயர் சக்கரவர்த்தி. சில வருடங்களுக்கு முன்பு தோளில் பையை மாட்டிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போட்டித்தேர்வு கைடு விற்றவர். என்னிடமே ஒன்று விற்றிருக்கிறார். அப்புறம் முடி வளர்ந்தது. தாடி வந்தது. கைடு குருவாகிவிட்டது.

இந்தக் கும்பலில் ஏமாந்த சோணகிரி யார் என்று தேடாதீர்கள். முன்வரிசையில் கைகூப்பி நிற்கிறேனே, பார்த்திபன், பி.இ. மெக்கானிக்கல், முதல் வகுப்பு, அது நான்தான். நியூட்டனின் விதிகளைத் தலைகீழாக ஒப்பிப்பேன். நேராக நின்று யோசிக்கத்தான் வராது.

என் கதை இதுதான். நெசவு இயந்திரங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஒரு வெளிநாட்டுப் பேராசிரியர் என் கல்லூரி ப்ராஜெக்டைப் பார்த்துவிட்டு, உதவித்தொகையோடு இடம் தருவதாகச் சொன்னார். ஒரே நிபந்தனை. ஜி.ஆர்.இ. கணக்குப் பகுதியில் அவர்கள் கேட்கும் மதிப்பெண் வேண்டும். முதல்முறை எழுதினேன், மயிரிழையில் போயிற்று. அவர் நல்ல மனிதர். இந்த வருடம் முடிவதற்குள் இன்னொரு முறை எழுதி அனுப்பு, அதுவரை இடத்தை வைத்திருக்கிறேன், அதற்குப் பிறகு முடியாது என்று எழுதிவிட்டார். அதுவும் போனால் என் மாமா பட்டுக்கடையில் சேலை மடித்துப்போட வேண்டியதுதான். எனக்குச் சேலையை ஒழுங்காக மடிக்கவும் தெரியாது. நான் மடித்தால் வாங்க வந்தவர்கள் பழைய சேலை என்று நினைப்பார்கள்.

ஆகவே ஆறு மாதம் வெறிபிடித்துப் படித்தேன். கணக்கு கணக்காகப் போட்டேன். இங்கிலீஷ் வார்த்தைகளைச் சாப்பாட்டுக்கு ஊறுகாய்போல் தொட்டுக்கொண்டேன். தேர்வு நெருங்க நெருங்கப் போட்ட கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். என் அப்பா லோகநாதன் சொந்தத் தறி வைத்திருப்பவர், சாமான்யமாக எதையும் நம்பமாட்டார், வியாபாரி கொடுத்த செக்கைக்கூட. அவரே ஒருநாள் சொன்னார்.

"சொம்மா ஒரு தபா போயி பாத்துட்டு வரலாம் வாடா. அரிசி மில்லு துரைக்கண்ணு சொல்றாரு, அட்டை அப்படியே புட்டுப் புட்டு வெக்குதாம். போனா இன்னா குறைஞ்சா பூடும்?"

ஒரு சேலைக்கான பட்டுநூல் குறைந்தது. அதுதான் காணிக்கை. சித்தர் பணத்தைக் கையாலும் தொடமாட்டார். பட்டைத்தான் தொடுவார்.

என்னைத் தறியில் உட்கார வைத்தார்கள். கண்ணைப் பட்டுத்துணியால் கட்டினார்கள். காலை மிதிக்கட்டையில் வைத்தேன். சித்தர் கைடு புத்தகத்திலிருந்து ஒரு கணக்கை வாசித்தார். அப்புறம் ஒவ்வொரு விடையாக மெதுவாகச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு மிதி. ஏ. மிதித்தேன், அட்டை திரும்பியது. பி. மிதித்தேன். சி. கட்டை இறுகியது! சத்தியமாகச் சொல்கிறேன், கால் இறங்கவில்லை.

"அட்டை பிடிச்சிடுச்சு!" என்று கூட்டம் கூவியது.

புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். விடை சி. அடுத்த கேள்வி. அட்டை பிடித்தது. சரி. அதற்கடுத்தது. சரி. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. முதல் வகுப்பில் தேறியவனுக்குப் புல்லரித்தால் அது விஞ்ஞானபூர்வமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லோருக்கும் அட்டை பிடித்துவிடாது. துரைக்கண்ணுவின் மகன் கேட் எழுதப் போகிறவன், எந்தக் கேட் என்று அவனுக்கே சந்தேகம். அவன் உட்கார்ந்தால் கால் நிற்கவே நிற்காது. சைக்கிள் விடுகிறவன்போல் மிதித்துக்கொண்டே இருப்பான்.

"நேத்து கோழி தின்னியா?" என்றார் சித்தர்.

"ஆமா, சாமி."

"அதான்!"

கூட்டம் தலையாட்டியது. கோழி தின்றது தெரிந்த கூட்டத்துக்குப் புத்தகத்தைத் தொடாதது தெரியவில்லை. எனக்கும்தான். முந்தின நாள் எங்கள் வீட்டிலும் கோழிக்குழம்பு என்பது எனக்கு மறந்தே போயிற்று.

ஒரே வாரத்தில் நான் பெரிய மனிதனாகிவிட்டேன். சித்தர் எனக்கு 'மிதிச்செல்வர்' என்று பட்டம் கொடுத்தார். புதிதாக ஆள் வந்தால் முதலில் என்னைத்தான் உட்காரவைத்துக் காட்டுவார். தெள்ளாரிலிருந்து மணிலாக் கடலைக் காட்டை விட்டுவிட்டு வந்த சின்னம்மாள் அப்படித்தான் விழுந்தார். மகளை எம்.டெக். சேர்க்க வேண்டுமென்று, வீட்டில் தறியே இல்லாதவர், கடையில் பட்டுநூல் வாங்கிக் காணிக்கை வைத்தார்.

என் அருமையைப் பார்த்து சித்தர் ஒருநாள் தனியே அழைத்தார்.

"தம்பி, இனிமே பொஸ்தகத்தைத் தொடாத. ஒரு தறில ரெண்டு பாவு ஓடாது. படிப்பு குறுக்கால வந்தா அட்டை பிடிக்காது. பரீட்சை எழுதறப்ப மேசைக்குக் கீழ காலை மிதிச்சிகினு இரு. கால் எங்க நிக்குதோ அத்தத் தட்டிட்டு வா."

"சரிங்க, சாமி" என்றேன். இதைவிட இனிமையான உபதேசத்தை எந்த மாணவனாவது மறுத்திருக்கிறானா? புத்தகங்களைப் பரண்மேல் ஏற்றினேன். வீட்டில் சாப்பாட்டு மேசைக்குக் கீழே மிதித்துப் பழகினேன். அம்மா ரசம் ஊற்ற வந்தால் டம்ளர் ஆடும். "சாமி வர்து, சத்தம் போடாத" என்பார் அப்பா.

இந்த லட்சணத்தில் நான் இருக்கும்போதுதான் என் தங்கை காவ்யா விடுமுறைக்கு வந்தாள். வேலூரில் புள்ளியியல் படிக்கிறவள். எதைச் சொன்னாலும் எத்தனை தடவை, எத்தனைக்கு எத்தனை என்று கேட்டுப் பேஜார் பண்ணுகிறவள்.

"அண்ணா, பரீட்சை இன்னும் ஒரு மாசம்கூட இல்ல. கணக்குப் போடாம இன்னா பண்ணிகினு இருக்கே?"

"மிதிச்சிகினு இருக்கேன்."

"இன்னாத்த?"

சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். சிரிக்காமல் கேட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அட்டை பிடிக்குது?"

"பிடிக்குது."

"வயல்ல எறங்கினாலும்தான் அட்டை பிடிக்கும். ரத்தம்தான் கொறையும். அந்த புரொபசர் உனக்காக எடத்த வெச்சிகினு கீறாரு, நீ கால ஆட்டிகினு ஒக்காந்து கீறே. வெக்கமா இல்ல?"

உறைத்தது. உறைத்ததை வெளியே காட்டிக்கொள்ளாமல், அனுபவம் இல்லாதவர்கள் பேசக்கூடாது என்றேன். அறிவு தோற்றுப்போனால் அனுபவத்தைத்தானே கூப்பிட வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் தேர்த்திருவிழாக் கூட்டம். நான் தறியில் உட்கார்ந்திருந்தேன், கழுத்தில் மாலை. காவ்யா முன்னால் வந்து பணிவாகக் கும்பிட்டாள். பணிவைப் பார்த்து சித்தரும் ஏமாந்தார்.

"சாமி, நான் ஒரு இங்கிலீஷ் கேள்வி கேக்கலாமுங்களா?"

"கேளு தாயி. தறிக்குத் தெரியாத பாஷை கெடையாது."

"வார்ப்டு ஜட்ஜ்மென்ட்டுன்னா எப்படிப்பட்ட தீர்ப்புன்னு அர்த்தம்?" என்று கேட்டுவிட்டு, விடைகளைத் தமிழிலேயே ஒவ்வொன்றாகச் சொன்னாள். "ஏ, அவசரத் தீர்ப்பு. பி, கோணலான தீர்ப்பு. சி, இரக்கமான தீர்ப்பு. டி, நேரா, சீரா இருக்கற தீர்ப்பு. இ, பழைய தீர்ப்பு."

ஏ. மிதித்தேன். பி. மிதித்தேன். சி. மிதித்தேன். டி. கட்டை இறுகியது.

"அட்டை பிடிச்சிடுச்சு!"

காவ்யா சிரித்தாளே ஒரு சிரிப்பு, கண்கட்டுக்குள்ளேயே எனக்கு முகம் சிவந்தது. வார்ப் என்றால் பாவு. பட்டு நெய்யும் எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு ஏ, பி, சி தெரியும் முன்பே இது தெரியும். பாவு என்றால் தறியின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு நூல்கூடத் தொய்யாமல், நேராக, விறைப்பாக இழுத்துக் கட்டியிருப்பது. அதைவிட ஒழுங்கானது உலகத்தில் வேறென்ன இருக்கிறது? ஆகவே வார்ப்டு தீர்ப்பு என்றால் நேரான தீர்ப்பு. இங்கிலீஷ்காரனுக்கு மட்டும் அந்தச் சொல்லுக்குக் கோணல், முறுக்கல் என்று இன்னொரு பொருள் உண்டு. வெயிலில் முறுக்கிய பலகையை அவன் அப்படித்தான் சொல்லுவான். நான் வீட்டில் படிக்கும்போதும் இதே தப்பைச் செய்து, காவ்யாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

"விடை பி. கோணலான தீர்ப்பு" என்றாள் காவ்யா. "டிக்ஷனரி வேணும்னா பாத்துக்குங்க. எங்கண்ணன் வூட்டுல பண்ண அதே தப்ப, தறி இங்க பண்ணுது. அது எப்படி, சாமி? தறியும் எங்கண்ணனும் ஒரே டியூஷனா?"

கூட்டம் சித்தரைப் பார்த்தது. மாட்டிக்கொண்டார் என்று நீங்கள் நினைப்பீர்கள். அப்படிச் சுலபமாக மாட்டிக்கொள்கிறவர் சித்தராக முடியுமா?

"அடப் பாவி மவளே!" என்று நெஞ்சில் கை வைத்தார். "தறிகிட்ட வந்து பாவு கோணலான்னு கேக்கறியே! பாவு கோணல்னு எந்தத் தறியாச்சும் ஒத்துக்குமா? பெத்த தாயி புள்ளைய கோணல்னு சொல்லுவாளா?"

படபடவென்று கைதட்டல். அப்பாவும் தட்டினார். எனக்கே கண் கலங்கியது. எவ்வளவு மானமுள்ள தறி!

காவ்யா அசரவில்லை. "சரிங்க சாமி, அந்தக் கேள்விய உட்டுடலாம். தறி ஏற்கெனவே சரியா சொன்ன கேள்விங்களையே கேளுங்க. அதே தறி, அதே அட்டை, அதே கால். ஒண்ணே ஒண்ணு மட்டும் மாத்தறேன்" என்று சொல்லிவிட்டு, தரையில் கிடந்த கழிவுப் பஞ்சை உருட்டி என் இரண்டு காதிலும் அடைத்தாள். போதாதென்று அதற்குமேல் ஒரு துண்டையும் இறுக்கிக் கட்டினாள். "கேள்வி காதுல உழாம மிதிக்கட்டும். தெரிஞ்சது தறிக்கா இவனுக்கான்னு பாத்துடலாம்."

கண்கட்டுக்கு வெளியே நடந்ததும், காதை அடைத்த பிறகு பேசியதும் அப்புறம் மற்றவர்கள் சொல்லித் தெரிந்ததுதான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. யாரோ தோளைத் தட்டினார்கள், மிதிக்க ஆரம்பித்தேன். கட்டை இறுகும், இறுகும் என்று பார்த்தேன். வெண்ணெயில் மிதிப்பதுபோல் போய்க்கொண்டே இருந்தது. ஐந்து அட்டையும் சுற்றிச் சுற்றி வந்தன. கடைசியில் தொடை வலித்து நின்றேன். இ. சரியான விடை பி. மறுபடி தோளைத் தட்டினார்கள். மறுபடி மிதித்தேன், இம்முறை நாமே ஓரிடத்தில் நிற்போம் என்று கௌரவத்துக்காக நின்றேன். அதுவும் தப்பு. அன்று கேட்ட கேள்வி எதற்கும் தறி உருப்படியாக வாய் திறக்கவில்லை. தவறிப்போய் ஒன்று மட்டும் சரியாக விழுந்ததாம். அதற்கு மட்டும் துரைக்கண்ணு கைதட்டியிருக்கிறார்.

பஞ்சை எடுத்தார்கள்.

"காத அடைச்சா சாமி எப்படி உள்ள பூருவாரு?" என்று சித்தர் கத்திக்கொண்டிருந்தார்.

"சாமி தறில கீறாருன்னு சொன்னீங்களே? தறி காத நான் அடைக்கலியே!" என்றாள் காவ்யா. பிறகு என் பக்கம் திரும்பி காதை அடைத்தபோது கேட்ட முதல் கேள்வியையே வாசித்தாள். ஏ. மிதித்தேன். பி. இறுகியது. கண்ணைக் கட்டியிருந்தாலும் அந்த நிமிஷம் எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. கட்டை இறுகவில்லை. என் கால்தான் தயங்கியது.

"கேட்டது இவன் காது. தெரிஞ்சிகினு இருந்தது இவன் தலை. நின்னது இவன் கால்" என்றாள் காவ்யா, கூட்டத்தைப் பார்த்து. "ஆறு மாசம் கண்ணு முழிச்சிப் போட்ட கணக்குங்க இதெல்லாம். சரியான விடை காதுல உழுந்ததும் கால் தயங்குது. தயங்கினா கட்டை கெட்டியா தெரியுது. படிக்காதவன் ஒக்காந்தா தயங்கறதுக்கு ஒண்ணும் இல்ல, ஓடிகினே இருக்கான். கோழி பாவம், அத்த உட்டுடுங்க. இதுல தறி இன்னா கிழிச்சுது?"

கண்கட்டை அவிழ்த்து எறிந்தேன். எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தில் பாதி, சந்தோஷத்தில் பாதி. அந்த விடைகளெல்லாம் என்னுடையவை! ஆறு மாதம் நான் படித்தது வீண் போகவில்லை. எனக்குத் தெரியும் என்று எனக்குத்தான் தெரியவில்லை, என் காலுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது!

இத்துடன் கதை முடிந்தது என்று நினைத்தேன். எனக்கு ஊரைப் பற்றி அவ்வளவுதான் தெரியும்.

"அய்யோ, அய்யோ!" என்று சித்தர் தரையில் விழுந்தார். கால் வாரப்பட்டு விழுந்தார் என்று பார்த்தால் நெடுஞ்சாண்கிடையாக என் முன்னால் கிடந்தார். "இந்தத் தாயி சொன்னது சத்திய வாக்கு! சாமி தறிய உட்டுட்டு தம்பி காலுக்கு எறங்கிடுச்சு! பாத்தீங்களா ஜனங்களே! தறியே இல்லாம, அட்டையே இல்லாம, கால் தானா நிக்குது!"

அவ்வளவுதான். ஜல்தி ஜல்தியாக முண்டியடித்துக்கொண்டு கூட்டம் என் காலில் விழுந்தது. ஒருவர் குங்குமம் வைத்தார். ஒருவர் என் கட்டைவிரலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். துரைக்கண்ணு தன் மகனின் தலையைப் பிடித்து என் பாதத்தில் அழுத்தினார். "ஆசீர்வாதம் பண்ணு தம்பி, கேட்டு தொறக்கணும்!" என்றார். என் அப்பா, என்னைப் பெற்றவர், எந்தப் பக்கமாக விழுவது என்று இடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? பகுத்தறிவு பொங்கி எழுந்து, "நிறுத்துங்கள் மூடர்களே!" என்று முழங்கினேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது வேறு. வசதியாக இருக்கட்டுமே என்று இன்னொரு காலையும் நீட்டினேன்.

காவ்யா அதை மிதித்தாள். செருப்புக் காலால்.

"ஆ!"

"கால் இன்னா சொல்லுது?"

"வலிக்குதுன்னு சொல்லுது."

"மொத மொறையா உண்மையச் சொல்லுது" என்று சொல்லிவிட்டு, பின்னால் நின்ற சின்னம்மாளைக் கூப்பிட்டாள். "ஆயிரம் கணக்கு வேணாம். இந்தக் காலுக்கு சாமி வந்திருந்தா உங்களுக்கு மட்டும் தெரிஞ்சது ஒண்ணு கேளுங்க. இவனுக்குத் தெரிஞ்சிருக்கக் கூடாது."

சின்னம்மாள் கொஞ்சம் யோசித்தார். அந்தக் கொட்டகையில் ஒருவர் யோசித்து அன்றுதான் பார்த்தேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார்.

"எங்கூட்டுல நாலு மாடு கீது. ஒரு மாட்டுக்கு கொம்பு ஒடிஞ்சிருக்கும். செவலையா, மயிலையா, கருப்பா, புள்ளி மாடா? நிக்கட்டும் தம்பி காலு."

ஒவ்வொரு மாடாகச் சொன்னார். மிதித்தேன், மிதித்தேன், மிதித்தேன். நான் கருப்பில் நின்றேன்.

"பிடிச்சிடுச்சு!" என்றார் துரைக்கண்ணு.

"ஒரு மண்ணும் பிடிக்கல" என்றார் சின்னம்மாள். "எங்கூட்டுல மாடே கெடையாது. எல்லாத்தையும் போன வருசமே வித்துட்டோம். இல்லாத மாட்டுக்குக் கொம்பு ஒடிச்ச காலுக்கா குங்குமம் வெச்சீங்க? யோவ் சித்தரே, எங்க என் பட்டு?"

அந்தக் கேள்விக்கு ஏ, பி, சி, டி எதுவும் இல்லை. சித்தர் திரைக்குப் பின்னால் நழுவப் பார்த்தார். சின்னம்மாள் திரையையே பிடுங்கி எறிந்தார். பின்கட்டில் வரிசையாகப் பவர்லூம்கள். எல்லாவற்றிலும் சேலை பாதி ஏறியிருந்தது. எங்கள் காணிக்கை, எங்கள் பிள்ளைகளின் படிப்பு, முந்தானையும் பார்டருமாகக் கடைக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்தது. அப்பா ஒரு நூலை எடுத்து விரலில் சுற்றிப் பார்த்தார். தன் வீட்டுச் சாயம் தெரியாதா அவருக்கு?

"கபோதி! கைடு வித்தப்பவே உன்னைப் புடிச்சிக் குடுத்திருக்கணும்!" என்று ஆரம்பித்தார். அதற்குப்பின் அவர் பேசியதை அச்சில் போட முடியாது. போலீஸ் வருவதற்குள் சித்தரின் தாடி பாதி குறைந்திருந்தது. அட்டை பிடித்ததோ இல்லையோ, ஆட்கள் நன்றாகப் பிடித்திருந்தார்கள்.

நான் வீட்டுக்கு வந்ததும் பரண்மேல் ஏறினேன். மிச்சமிருந்த நாளெல்லாம் உட்கார்ந்து படித்தேன். அம்மாவின் ரசம் ஆடாமல் நின்றது. சென்னையில் தேர்வு மையத்து வாசலில் பாஸ்போர்ட்டை வாங்கி, என் முகத்தையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். பையை உள்ளே விடவில்லை, கைக்குட்டையைக்கூட உதறிப் பார்த்தார்கள். தலையை மட்டும் கொண்டுபோக அனுமதித்தார்கள். கணக்குகளைக் காகிதத்தில் போட்டேன். தெரிந்ததைத் தட்டினேன். தெரியாததை யோசித்துத் தட்டினேன். கடைசியில் திரையில் மதிப்பெண் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக ஒரு கண்ணைத் திறந்தேன். இங்கிலீஷ் சுமார்தான். கணக்கில் பேராசிரியர் கேட்டதற்கு மேலேயே இருந்தது. அங்கேயே அழுதேன். கண்காணிப்பாளர் நான் தோற்றுவிட்டதாக நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

ஊருக்கு வந்து பேருந்தைவிட்டு இறங்குகிறேன், துரைக்கண்ணு ஓடிவந்து கட்டிக்கொண்டார். சித்தரிடமிருந்து தன் பட்டைத் திரும்ப வாங்கியவர்களில் முதல் ஆள் அவர். சேதி அவருக்கு எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

"ஆயிரம்தான் சொல்லு தம்பி" என்றார் காதோடு. "அவன் திருடன்தான், நான் இல்லைங்கல. ஆனா அந்தத் தறிய மிதிச்ச காலுதானே? அதான் பாஸு. அந்த மிதிக்கட்டைய நான் வூட்டுல கொண்டாந்து வெச்சிகினு இருக்கேன். வெள்ளிக்கெழமைல பூப் போடறோம். பையனும் மிதிக்கறான்."

"பையன் படிக்கறானா?"

"கட்டை கீதே!"

சரிதான். ஆரணிப் பெருமக்களே, அக்கம்பக்கத்துப் பெருமக்களே! இனிமேல் பிள்ளைகளை ஏன் பரீட்சைக்கு அனுப்பிச் சிரமப்படுத்துகிறீர்கள்? அந்தக் கட்டையையே பேருந்தில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பிவிடுங்கள். வாசலில் பாஸ்போர்ட் கேட்பார்கள், அதற்கு மட்டும் முன்கூட்டியே விண்ணப்பம் போடுங்கள். படம் ஒட்டும் இடத்தில் கட்டையின் படம் இல்லையென்றால் கவலைப்படாதீர்கள், அதைக் கும்பிடுகிறவர் படத்தை ஒட்டிக் கொடுங்கள். பார்க்கிற ஆபீசருக்கு வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால், நீங்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.